கூடும் கதவும்

கூடு என்னும் சொல் தமிழிலே ஒன்றுக்கொன்று பகையான இரு பொருள்களைச் சுமந்து நிற்கின்றது. தூக்கணாங்குருவி தன் விருப்பிலே நாரெடுத்துப் பின்னுவதும் கூடு. கிளியைச் சிறகு தறித்து அடைத்து வைப்பதும் கூடு. முன்னது உயிர் தானே நாடிச் செல்லும் இடம். பின்னது உயிர் தப்பிச் செல்லத் துடிக்கும் இடம். அடைக்குமிடத்தைத் தனியே சுட்டக் ‘கூண்டு’ என்றொரு சொல் இருப்பினும், யாழ்ப்பாணத்துப் பேச்சிலே கோழிக்கூடு, கிளிக்கூடு, நாய்க்கூடு என்ற வழக்கே பெரிதும் நிலவுகின்றது. நாய்க்குட்டியொன்றைக் கூட்டிலே பழக்குதல் என்னும் காரியம் இவ்விரு பொருள்களுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வெளியிலேதான் நடைபெறுகின்றது. கம்பி ஒன்றே, நான்கு மூலையும் ஒன்றே. ஆயினும் குட்டியின் மனத்தில் அது எந்தக் கூடாக அமைகின்றது என்பது கம்பியினால் முடிவு செய்யப்படுவதன்று.

நாயைக் கூட்டில் வைத்தல் ஈழத்து வீடுகளுக்குப் புதியதன்று. முற்றத்து மூலையிலே சீமெந்துத் தளமும் இரும்புக் கம்பியும் கொண்ட நாய்க்கூடு வசதியுள்ள வீடுகள் பலவற்றில் உண்டு. பகலிலே வருவோர் போவோரைக் கடியாதிருக்க நாய் அதனுள் அடைபடும். இரவிலே கள்வரை எண்ணித் திறந்துவிடப்படும். வசதி குறைந்த வீட்டில் இதே வேலையைச் சங்கிலி செய்யும். வீட்டினுள்ளே நாய்க்கு இடமில்லை. அதன் எல்லை விறாந்தைப் படியோடு முடிந்துவிடும். மேலைநாட்டார் கூறும் கூட்டுப் பழக்கமோ இதற்கு நேர்மாறானது. அங்கே கூடு வீட்டினுள்ளே, மனிதர் படுக்கைக்கு அண்மையில் இருக்கும். பகலில் அதன் கதவு திறந்து கிடக்கும். இரவிலும் வீட்டார் இல்லாத சிறுபொழுதிலுமே சாத்தப்படும். வீட்டை அசுத்தம் செய்யாமலும், கதிரைக் காலையும் மின்கம்பியையும் கடியாமலும், தனித்திருக்க அஞ்சாமலும் குட்டியைப் பழக்குதலே அதன் நோக்கம் என்பர்.

கொக்குவிலிலே, காங்கேசன்துறை வீதியின் இரைச்சல் எட்டும் தொலைவிலுள்ள ஒரு வீட்டிற்கு இப்பழக்கம் ரொறன்ரோவிலிருந்து கைத்தொலைபேசி வழியாக வந்து சேர்ந்தது. அவ்வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியையான ஆச்சியும், அலுவலகம் செல்லும் மகளும், உயர்தர வகுப்பில் படிக்கும் பேரனும் வாழ்கின்றனர். முன்னர் அங்கு வளர்ந்த நாய் கட்டு என்பதையே அறியாதது. ஒருநாள் மாலை படலை திறந்திருந்த வேளை வீதிக்கு ஓடி வாகனமொன்றில் அடிபட்டு இறந்தது. சில மாதங்களின் பின் சுன்னாகத்து உறவினர் வீட்டிலிருந்து இரண்டு மாதக் குட்டியொன்று வந்தது. கனடாவில் வாழும் பேத்தி அச்செய்தியைக் கேட்டதும் பணம் அனுப்பி, மடிக்கத்தக்க கம்பிக்கூடொன்றைக் கொழும்பிலிருந்து வருவிக்கச் செய்தாள். புறூணோ என்று பெயரிட்டவளும் அவளே. ஆச்சியின் நாவில் அப்பெயர் இரண்டாம் நாளே ‘பூரணன்’ ஆகிவிட்டது. ஊர்நாய்க்கு அது பொருத்தமான பெயரென்றே தோன்றுகின்றது.

முதலிரவு குட்டியைக் கூட்டினுள் இட்டு, கூட்டைக் குசினியில் வைத்து, கதவைக் கொளுவிவிட்டு மகள் படுக்கச் சென்றார். அழுதால் திறக்கக்கூடாது என்பது அவர் எங்கோ கேட்டறிந்த விதி. குட்டி விடியும்வரை அழுதது. காலையில் மூக்கு நுனி கம்பியில் உராய்ந்து சிவந்திருந்தது. சாக்கும் உடம்பும் மலசலத்தில் தோய்ந்திருந்தன. இரண்டாம் இரவு அழுகை நள்ளிரவோடு ஓய்ந்தது. மூன்றாம் இரவு அழுகையே இல்லை. பழகிவிட்டது என்று மகள் ரொறன்ரோவிற்கு அறிவித்தார். காலையில் ஆச்சி கூட்டருகே குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார். கதவு திறந்திருந்தது, உணவு வெளியே இருந்தது, குட்டி மூலையிலே சுருண்டபடி வரவில்லை.

“இது பழகினதில்லைப் பிள்ளை. கைவிட்டிட்டுது,” என்றார் அவர்.

ஆச்சி உளவியல் கற்றவர் அல்லர். ஆயினும் அவர் கண்ட வேறுபாடு இருபதாம் நூற்றாண்டு உளவியலின் பெயர்பெற்ற ஆய்வொன்றின் மையப் பொருளாகும். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மாட்டின் செலிக்மன், ஸ்ரீவன் மேயர் ஆகியோர் 1967 இல் வெளியிட்ட ஆய்விலே சில நாய்கள் அசையவொண்ணாதபடி கட்டப்பட்டு, தம்மால் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு உள்ளாக்கப்பட்டன. பின்னர் தாழ்ந்த தடுப்பொன்றினால் இரண்டாகப் பிரித்த பெட்டியிலே விடப்பட்டன. தடுப்பைத் தாண்டினால் அதிர்ச்சி இல்லை. முன்பு அவ்வாறு துன்புறாத நாய்கள் விரைவிலே தாண்டக் கற்றன. துன்புற்றவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு தாண்ட முயலாமலே படுத்துக் கிடந்தன. ஆய்வின் கொடுமை ஒருபுறம் கிடக்க, அந்நாய்கள் அமைதியாகக் கிடந்தன என்பதே இவ்விடத்துக்கு வேண்டிய செய்தி. வெளியிலிருந்து நோக்குவோனுக்கு அடக்கமும் நம்பிக்கையிழப்பும் ஒரே தோற்றந் தருவன. 2016 இல் அவ்விருவருமே தம் பழைய விளக்கத்தைத் திருத்தினர். நீடித்த துன்பத்தின் முன் செயலற்றுப் போதல் கற்றுக்கொண்டதன்று, உடலின் இயல்பான மறுவினை. தன் செயலினால் நிலைமை மாறும் என்பதே கற்கப்பட வேண்டியது என்றனர். செயலற்றுக் கிடந்த நாய்களைக் கயிற்றினாற் பிடித்துத் தடுப்பின் மறுபுறத்துக்கு மீண்டும் மீண்டும் இழுத்துக் காட்டிய பின்னரே அவை தாமாகத் தாண்டத் தொடங்கின என்பது 1968 இல் வெளிவந்த செய்தி. கதவு திறக்கும் என்பதை உயிர் கற்றறிய வேண்டியிருக்கின்றது!

கூட்டுப் பழக்கத்தைப் போற்றுவோர் வழக்கமாகக் கூறும் நியாயம் ஒன்றுண்டு: நாய் குகைவாழ் விலங்கின் வழித்தோன்றல்; ஆதலின் ஒடுங்கிய இடம் அதற்கு இயல்பாகவே இனிக்கும் என்பது. இது பாதி உண்மை. ஓநாயும் நரியும் குட்டி ஈன்று பேணுங் காலத்திலேதான் வளையை நாடுகின்றன. குட்டிகள் வளர்ந்ததும் வளை கைவிடப்படும். இதை அறிய ஓநாய்க் காட்டிற்குப் போகவேண்டியதில்லை. தெருநாயொன்று விறகுக் குவியலின் கீழோ மதகினுள்ளோ மண்ணைத் தோண்டி ஈனுகின்றது. இரண்டு மூன்று மாதங்களின் பின் அதே நாய் வெட்டவெளியிலே, மாமர நிழலின் குளிர்ந்த மணலிலே நீட்டிப் படுத்திருக்கின்றது. ஆகவே வளர்ந்த நாய் நாள் முழுதும் கூட்டினுள் மகிழ்ந்திருக்கும் என்று வாதிப்பது வீட்டாரின் வசதிக்கு விலங்கியலைச் சாட்சிக்கு அழைப்பதாகும்.

மற்றப் பாதி உண்மையே பயனுடையது. பிறந்த குட்டி கண்ணும் காதும் திறவாதது. தாய் நக்கித் தூண்டினாலன்றிச் சலம் கழிக்கவும் அறியாதது. கழிவைத் தாயே உண்டு படுக்கையைத் துப்புரவாக வைத்திருக்கும். இரண்டு கிழமையளவிற் கண் திறந்து, மூன்று கிழமையளவில் நடை வந்ததும், குட்டி தள்ளாடியபடியே படுக்கையை விட்டு விலகிச் சென்று கழிக்கத் தொடங்குகின்றது. ஒருவரும் கற்பிக்காத இத்துப்புரவுணர்வே கூட்டுப் பழக்கத்தின் அத்திவாரம். கூடு படுக்கையளவாக இருப்பின் குட்டி அதனுள் அடக்கிக்கொள்ள முயலும். எழுந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். அதற்கு மேற்பட்டால் ஒரு மூலை படுக்கையாகவும் மறுமூலை மலகூடமாகவும் ஆகிவிடும். ஆனால் இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணித்தியாலத்திற்கு மேல் அடக்க இயலாது. இரவு முழுதும் திறவாத கதவு, தன் கழிவிலே தானே கிடக்குமாறு அதை வற்புறுத்துகின்றது. சில இரவுகள் அவ்வாறு கிடந்தால் அவ்வுணர்வே மழுங்கிவிடும். விற்பனைக் கூடுகளில் நெருக்கி வளர்க்கப்பட்ட குட்டிகளைப் பின்னர் பழக்குவது அரிதாவது இதனாலேயே. குசினியில் நடந்த மூன்று இரவுகளும் எதைக் கற்பிக்க வேண்டுமோ அதையே அழிக்கத் தலைப்பட்டிருந்தன.

ஆச்சி கூட்டைத் தூக்கிக் கிணற்றடிக்கு அப்பால் வைக்கச் சொன்னார். குரலிலே வழக்கமில்லாத கடுமை இருந்தது. அதன் காரணத்தை மகள் அறிவார், பேரன் அறியான்.

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே தென்மராட்சி நோக்கிப் புறப்பட நேர்ந்தது. செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் மனிதராலும் மிதிவண்டிகளாலும் நிறைந்து, மழையில் அடியடியாக நகர்ந்த அவ்விரவைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அப்போது அவ்வீட்டில் வீமன் என்றொரு நாய் இருந்தது. குசினிக்குப் பின்னால் மரத்தோடு சங்கிலியிற் கட்டப்பட்டிருந்தது. முதிய தாய், இரு பெண் பிள்ளைகள், காணி உறுதி, நகைப்பொதி, அரிசி என்று ஆச்சி ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தார். இரண்டொரு நாளில் திரும்பலாம் என்பதே எல்லாரதும் எண்ணம். அவிழ்த்துவிட்டால் பின்னாலேயே ஓடிவந்து சனத்துள் மிதிபடும் என அஞ்சி, ஒரு சட்டி சோறும் ஒரு வாளி தண்ணீரும் நாயின் முன்னே வைத்துவிட்டு நடந்தார். திரும்பியது 1996 மே மாதத்தில். சங்கிலி மரத்தடியிற் கிடந்தது. அதன் நுனியிலே கழுத்துப்பட்டி இல்லை. யாரோ அவிழ்த்துவிட்டிருக்கலாம். அதற்குமேல் அறிய வழியில்லை.

சுவர்க்கத்தின் வாயிலிலே, நாயை விட்டுவிட்டுத் தேரேற மாட்டேன் என்று தருமன் மறுத்து நின்ற பாரதக் கதையை ஆச்சி வகுப்பிலே ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்தவர். திரும்பி வந்த பின்னும் பல ஆண்டுகள் படிப்பித்தார். அக்கதை வரும் பாடத்தை மட்டும் மாணவரையே வாசிக்கச் செய்துவிடுவார் என்பர். அவ்வீட்டில் அதன்பின் எந்த நாயும் கட்டப்பட்டதில்லை. வீதியிலே அடிபட்ட நாய் அந்த நோன்பின் விளைவாகக் கட்டின்றி வளர்ந்ததே. கட்டி வைத்தலுக்கும் கட்டவிழ்த்து விடுதலுக்கும் நடுவிலே ஒரு வழி அவருக்கு வேண்டியிருந்தது. ஆயினும் பூட்டும் கொளுக்கியும் உள்ள எதையும் அவர் மனம் ஏற்கவில்லை.

அன்றிரவு ரொறன்ரோவிலிருந்து பேத்தி அழைத்தாள்.

“அம்மம்மா, அழுதவுடனை திறந்தால், அழுதால் திறபடும் எண்டு அது பழகிப்போடும்.”

“அழுற சீவனுக்குக் கதவு திறக்காமல் மனுசர் என்னத்துக்குப் பிள்ளை?”

இவ்விரு கூற்றும் முற்றாகப் பொய்யல்ல. பேத்தி கற்றலின் விதியைச் சொன்னாள். ஆச்சி அழுகையின் பொருளைச் சொன்னார். அழுகை எழுமுன்பே கதவு திறந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பதை அவர்கள் வாதிட்டுக் கண்டுகொள்ளவில்லை. செய்து பார்த்தே கண்டுகொண்டனர்.

மறுதொடக்கம் ஒரு கிழமை கழித்து நிகழ்ந்தது. கூடு குசினியை விட்டு ஆச்சியின் கட்டிலருகே வந்தது. கதவு ஆடிக் குட்டியை அஞ்சுவியாதபடி பின்னுக்கு மடித்துக் கயிற்றினாற் கட்டப்பட்டது. சுன்னாகத்துக்குச் சென்ற பேரன் தாய்நாய் படுத்த சாக்கிலிருந்து ஒரு துண்டைக் கொணர்ந்து உள்ளே விரித்தான். உணவு இனிக் கூட்டிலேதான். முதலில் வாயிலில், மறுநாள் அதற்கு ஒரு சாண் உள்ளே, பின்னர் கடைமூலையில். அவித்த சூடைமீன் கலந்த சோற்றுக்காகக் குட்டி முன்னங்காலை உள்ளேயும் பின்னங்காலை வெளியேயும் வைத்துக்கொண்டு, உடம்பை இரண்டு மடங்கு நீட்டி உண்ட காட்சியைப் பேரன் படம்பிடித்துக் கனடாவிற்கு அனுப்பினான்.

உணவினால் இடத்தை இனிதாக்கும் இம்முறைக்குப் பழமை உண்டு. செமிபாட்டு ஆய்வுக்காக 1904 இல் நோபல் பரிசு பெற்ற ருசிய அறிஞர் ஐவான் பவ்லோவ் தம் நாய்களை ஆய்வுமேடையில் வார்களால் நிறுத்தி வைப்பது வழக்கம். ஒரு நாய் எவ்வகையிலும் அதற்கு இணங்கவில்லை. திமிறிற்று, ஓயாது எச்சில் வடித்தது. அதைக் குறும்பு என்று தள்ளிவிடாமல், ‘சுதந்திர மறிவினை’ என்று பவ்லோவ் பெயரிட்டமை அவரது நேர்மைக்குச் சான்று. பின்னர் அந்நாய்க்கு ஆய்வுமேடையில் மட்டுமே உணவு வைக்கப்பட்டது. முதலில் அது சிறிதே உண்டு மெலிந்தது. நாளடைவில் முழு உணவையும் உண்டு, மேடையிலே அமைதியும் அடைந்தது. இதனை வெற்றி என்று கொள்வோர் கொள்ளட்டும். பட்டினியால் வளைக்கப்பட்ட சுதந்திரம் பவ்லோவின் மேடையிலே கண்டது. கொக்குவில் வீட்டிற் குட்டி உண்ண மறுத்த நாளில் சட்டி வெளியே எடுத்து வைக்கப்பட்டது. முறை ஒன்றுபோலத் தோன்றினும் வேறுபாடு அவ்விடத்திலே கிடக்கின்றது.

ஐந்தாம் நாள், உண்ணும்போது கதவு சாத்தப்பட்டு, உண்டு முடியுமுன்பே திறக்கப்பட்டது. பிறகு உண்டு முடிந்தும் பத்து எண்ணும் வரை. பிறகு ஆச்சி ஒரு தேவாரம் பாடி முடிக்கும் வரை. மணிக்கூட்டை விட அதுவே அவருக்கு வசதியான அளவு. குட்டி எழுந்து கம்பியை மூக்கினால் தொட்டதும், முனகல் பிறக்குமுன், கதவு திறபட்டது. இரவிலே பத்து மணிக்கும், ஒரு மணிக்கும், நான்கு மணிக்கும் ஆச்சி தாமே எழுந்து குட்டியை வேலியோரம் கொண்டுசென்றார். அதே வேலி, அதே மூலை, “ஒண்டுக்கு இரு” என்ற அதே சொல். முடிந்ததும் நெற்றியில் ஒரு தடவல். முதுமையில் எப்படியும் நித்திரை குறைவு என்று காரணம் சொல்லிக்கொண்டார். தரையில் எங்கேனும் நனைந்திருந்தால் வெறும் பினைல் ஊற்றுவது போதாது என்பதையும் வீட்டார் கற்றனர். மனிதர் மூக்கை அது ஏமாற்றும். நாயின் மூக்குக்குப் பழைய மணம் அடியிலே இருந்துகொண்டே இருக்கும், அதே இடத்துக்கு அதை மீண்டும் அழைக்கும்.

கனடாவின் அறிவுரையில் ஒன்று மட்டும் முற்றாக மறுக்கப்பட்டது. கூட்டைத் தடித்த துணியினால் மூடினால் குகைபோல் இருக்குமென்று பேத்தி சொல்லியிருந்தாள். பனிநாட்டு வீட்டிற்கு அது பொருந்தலாம். நாய் மனிதரைப் போல மேனியெங்கும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இளைத்தே வெப்பத்தை வெளியேற்றுகின்றது. சித்திரை வெயிலில் காற்றுப் புகாத மூடிய கூடு அதற்கு அடுப்பாகும். ஆச்சி கூட்டைப் பகலில் கிணற்றடிக் காற்று வரும் கதவண்டை நகர்த்தித் தண்ணீர்ச் சட்டியும் வைப்பித்தார். இன்னொன்றையும் இவ்விடத்திற் சொல்லலாம்: மேலைநாட்டார் யாவரும் கூட்டை ஏற்றவரல்லர். சுவீடனிலும் பின்லாந்திலும் பயணம் போன்ற தேவைகளுக்கன்றி, வீட்டிலே நாயை வழக்கமாகக் கூட்டில் அடைத்து வைப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே இதை மேற்கின் வழக்கமென ஒரு சொல்லில் அடக்குவது தவறு. அவர்களுக்குள்ளும் இவ்வழக்கு முடியவில்லை.

ஜோன் போல் ஸ்கொற், ஜோன் புல்லர் ஆகிய இருவரும் அமெரிக்காவின் பார் ஹாபரிலே நீண்டகாலம் நாய்களை ஆராய்ந்து 1965 இல் வெளியிட்ட நூல், மூன்றாம் கிழமை தொடக்கம் ஏறத்தாழப் பன்னிரண்டாம் கிழமை வரையான பருவமே நாய் பிற உயிர்களோடு உறவு கொள்ளக் கற்கும் பருவம் என்று காட்டிற்று. குசினியில் மூன்று இரவுகளைத் தின்ற பூரணனுக்கு அப்பருவத்திலே இன்னும் சில கிழமைகள் மிஞ்சியிருந்தன. மூன்றாம் மாதம் முடியுமுன் அது பகலிற் தானே உள்ளே சென்று உறங்கத் தொடங்கியது. இரவில் ஒருமுறை எழுப்பினாற் போதுமாயிற்று.

ஒருநாள் மாலை ஆச்சி பேரனை அழைத்து, குட்டி உள்ளே இருக்கும்போதே கதவைச் சாத்திக் கூட்டைத் தூக்கச் சொன்னார். பேரன் ஒரு முனையையும் மகள் மறுமுனையையும் பிடித்துத் தூக்கினர். குட்டி ஒருமுறை தடுமாறிப் பின் படுத்துக்கொண்டது.

“படலை மட்டும் நடவுங்கோ பாப்பம்.”

நடந்தனர். வீதியில் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. ஆச்சி பின்னாலேயே வந்து, படலையில் நின்று கிழக்குப் பக்கமாகச் சற்றுநேரம் பார்த்தார்.

“வளர்ந்தால் இப்பிடித் தூக்கேலாது, அம்மம்மா,” என்றான் பேரன்.

“வளர்ந்தால் அது நடக்கும்.”

மறுநாள் கதவின் இரும்புக் கொளுக்கி கழற்றப்பட்டது. அதற்குப் பதிலாகத் தும்புக் கயிற்றினால் ஆச்சி ஒரு சுருக்கு முடிச்சிட்டார். நுனியைப் பிடித்து ஒரு கையால் இழுத்தால் அவிழ்ந்துவிடும். விளக்கை அணைக்கச் சொல்லி, இருட்டிலே கட்டிலில் இருந்தபடி கையை நீட்டி மூன்று முறை இழுத்துப் பார்த்தார். குட்டி அக்கயிற்றை இதுவரை இருமுறை கடித்து அறுத்துள்ளது. இரண்டாம் முறை அறுத்த இரவிலே அது வெளியே வந்து, ஆச்சியின் செருப்பொன்றை இழுத்துக்கொண்டு, மீண்டும் கூட்டினுள்ளே சென்று படுத்திருந்தது.